பத்து முழம்

நான் ஒன்பது நாள் ஜெயிலில் இருந்தவள். இதைச் சொன்னால் என் மகளுக்கு முகம் சுருங்கிவிடும். "யாராவது கேட்டா காசிக்குப் போயிருந்தேன்னு சொல்லும்மா" என்கிறாள். காசிக்குப் போய்வந்தவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போய்வந்தவள் நான் ஒருத்திதான். அதை நான் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது எனக்கு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுதினால் ஒரு டம்ளர் காபி குடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை. படிக்கிறவர்களும் அவசரப்படாமல் படிக்கட்டும்.

ஸ்ரீரங்கத்தில் தெற்குக் கோபுரத்துக்குப் போகும் வழியில் முப்பத்தைந்து வருஷமாகப் பூ விற்கிறேன். பூவை அளக்க எங்களுக்கு அடிக்கோல் எல்லாம் கிடையாது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அவரவர் கைதான் அளவு. என் கை குட்டை, அதனால் என் முழமும் குட்டை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் என் பூ வாடாது, கட்டு நெருக்கமாக இருக்கும். அதற்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு.

எனக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்து துளசியும் தாமரையும் விற்பவள் என் சம்பந்தி. என் மகளை அவள் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். பதினைந்து வருஷமாக ஒரே பிளாட்பாரத்தில் ஒரே குடைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் சம்பந்தி என்றால் மரியாதை இருக்க வேண்டும் அல்லவா. "சம்பந்தியம்மா, கொஞ்சம் நகந்துக்கிறீங்களா?" என்பாள். "பரவாயில்லங்க, நீங்க சௌகரியமா உக்காருங்க" என்பேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கல்யாண போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்களுக்கு எதிர்ச்சாரியில் புதிதாக ஒருத்தி கூடையோடு வந்து உட்கார்ந்தாள். ஆறடிக்குக் குறையாத உயரம். அதனால் நெட்டை என்று பெயர் வைத்துவிட்டோம். அவள் திருநங்கை. இந்தச் சொல்லை என் மகள் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் நாங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதை எழுத மாட்டேன். ரயிலில் கை தட்டிக்கொண்டு போனது போதும் என்று விட்டுவிட்டு, மார்க்கெட்டில் பூ எடுத்து வந்து கட்டிப் பிழைக்கிறாளாம். விரல் வேகம் நன்றாகத்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் குறை சொன்னது அவள் கையை.

அவள் ஒரு முழம் அளந்தால் என்னுடைய ஒன்றரை முழம் வரும். ஆள் உயரத்துக்கு ஏற்ற கை. காலேஜ் பெண்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். அப்புறம் சித்திர வீதி மாமிகள். "அவ கை தாராளம்" என்று என் கூடையைத் தாண்டிப் போய் வாங்கினார்கள். என் எதிரிலேயே, என் காது கேட்க.

மார்கழியில் சொர்க்கவாசல் திறக்கும் நாட்களில் எங்கள் பக்கம் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு நாள் காலையில், என்னிடம் இருபது வருஷமாக வாங்கும் ஒரு மாமி நேராக நெட்டையிடம் போனார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அவள் அளந்துகொண்டிருந்த கதம்பச் சரத்தின் மறுமுனையைப் பிடித்துவிட்டேன்.

"ஆம்பளைக் கைய வச்சுக்கிட்டு அளந்தா நாங்க எப்படிப் பொழைக்கிறது?" என்றேன்.

"விடுங்க பெரியம்மா, பூவு உதிருது."

"நீ கைய எடு, நான் விடுறேன்."

அவள் இழுத்தாள், நான் இழுத்தேன். தேர் வடம் பிடிப்பதுபோல் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. ஒரு பெண் போலீஸ் நடுவில் வந்து நின்றாள். பின்னால் யாரோ பெரிய அதிகாரியின் கார் ஹாரன் அடித்தது. அப்போதுதான் என் சம்பந்தி எழுந்தாள். சண்டை போடும் நாய்களைப் பிரிக்கத் தண்ணீர் ஊற்றுவார்களே, அந்த யோசனைதான் அவளுக்கு. பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கி எங்கள் மேல் வீசினாள். தண்ணீரை மட்டும் வீச நினைத்தவள் குடத்தையும் சேர்த்து விட்டுவிட்டாள். குடம் போலீஸ் அம்மா மணிக்கட்டில் விழுந்தது. போலீஸ் தொப்பி சம்பந்தியின் துளசிக் கூடையில் விழுந்தது. கை வீங்கிப்போயிற்று.

ஸ்டேஷனில் நான் இன்னும் புகார் கொடுக்க வந்தவள் என்ற நினைப்பில்தான் இருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எழுதிக்குங்க" என்றேன். பெண்கள் வியாபாரம் செய்யும் இடத்தில் ஆண் ஒருவன் புடவை கட்டிக்கொண்டு வந்து வியாபாரம் செய்கிறான் என்று சொன்னேன். ஏட்டு அதை அழகான தமிழில் எழுதினார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார். நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அரை மணி கழித்துத்தான் தெரிந்தது, அரசாங்க வேலையைத் தடுத்து போலீஸ் கையைக் காயப்படுத்தியதாகக் கேஸ் எங்கள் மூன்று பேர் மேலும் என்று. கோர்ட்டுக்கு லீவு நாட்கள் வேறு. ஜாமீன் கிடைக்க நாளாகும் என்றார்கள்.

வேனில் ஏறும்போது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இவளை எப்படியும் ஆண்கள் ஜெயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள், எனக்கு எதிரே வந்து உட்கார்ந்த கணக்கு சரியாகும் என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

எங்களைக் கொண்டுபோனது ஒரு சின்னப் பெண்கள் ஜெயில். எது என்று எழுத மாட்டேன். எங்களை மரியாதையாக வைத்திருந்தார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம். ஒரே ஒரு நீளக் கூடம், அதை ஒட்டித் தையல் மிஷின் வைத்த சின்ன அறை, முற்றத்தில் ஒரு பிள்ளையார், அவரைச் சுற்றி அரளியும் நந்தியாவட்டையும். கூடத்தில் ஏற்கெனவே ஏழு பெண்கள் இருந்தார்கள்.

வாசலில் ஜெயிலர் அம்மா காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். நெட்டையின் காகிதம் வந்ததும் கையால் நெற்றியைத் தேய்த்தார்.

"கோர்ட் உத்தரவுல பெண்ணுன்னு இருக்கு. ஆதார்ல ஆணுன்னு இருக்கு. திருநங்கை அட்டை இருக்கா?"

"கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன்மா. இன்னும் வரல."

"இந்தப் புகார்ல புடவை கட்டின ஆணுன்னு இருக்கு. யாரு கொடுத்தது இது?"

நான் தலையை நிமிர்த்தி, "நான்தாம்மா" என்றேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

உள்ளே விடும்முன் சோதனை போட வேண்டும். இரண்டு பெண் வார்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து, "நீ போ" "நீ போயேன்" என்றார்கள். ஜெயிலர் அம்மா நெட்டையையே கேட்டார். "பொம்பளைங்கதாம்மா பாக்கணும்" என்று அவள் சொன்னாள். மூத்த வார்டர் அழைத்துப்போய் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து, "பொடவைத் தலைப்புல பாக்கு இருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

மேலிடத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும் என்று ஜெயிலர் அம்மா சொன்னார். அதுவரை நெட்டை தையல் அறையில் தனியாக இருக்க வேண்டும். மற்றவர்கள் குளித்து முடித்தபின் அவள் குளிக்க வேண்டும். மேலிடம் ஆண்கள் ஜெயில் என்று சொன்னால் வேன் வந்து கூட்டிப்போகும்.

முதல் நாள் காலையில் நான் விழித்தபோது எனக்கு வேலை எதுவும் இல்லை. அடுப்பு பற்ற வைக்க வேண்டாம். மார்க்கெட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டாம். அகல அலுமினியப் பாத்திரத்தில் யாரோ சமைத்த பொங்கல் வந்தது. நான் பதினாலு வயதிலிருந்து எனக்கு நானே சமைத்துக்கொண்டவள். தட்டை நீட்டினால் சோறு விழுகிறது. என்ன குழம்பு வைக்கலாம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தியம்மா" என்றாள், "இன்னைக்கு எங்க வீட்ல யாரு சமைக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க?"

"உங்க வூட்டுக்காரருங்க."

"அவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதுங்களே."

உதடு துடித்தது. அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு, நான் அவள் முதுகில் தட்டிவிட வேண்டியதாயிற்று. பதினைந்து வருஷச் சிரிப்பு அது. வார்டர் வந்து, "என்ன, கல்யாண வீடா இது?" என்று அதட்டினாள். அதற்கும் சிரித்தோம்.

மத்தியானம் பிள்ளையாருக்கு மாலை கட்ட உட்கார்ந்தோம். தையல் அறைக்குக் கம்பிக் கதவு. நெட்டை அதற்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூக்காரிக்குப் பூவைப் பார்த்துக்கொண்டு கையைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பூக்காரிக்குத்தான் தெரியும். ஒரு கை நந்தியாவட்டையும் நூலும் கம்பி வழியாகத் தள்ளினேன். அவள்மேல் இரக்கப்பட்டு இல்லை. என் வேகத்தை அவளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான்.

"முதல்ல முடிக்கிறது யாருன்னு பாப்போமா பெரியம்மா?"

"உன் வயசுல நான் கண்ணை மூடிட்டு கட்டினவடி."

அவள்தான் முதலில் முடித்தாள். காற்று அடித்தது, என் நூல் சிக்கிக்கொண்டது. இது உண்மை, சம்பந்தியைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது நாள் ஜெயிலர் அம்மா கூடத்துக்கு வந்து எங்கள் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பணும். இது ஓட்டுப்போடுற விஷயம் இல்ல. ஆனா இங்க படுக்கிறவங்க நீங்க. உங்க மனசுல இருக்கிறதையும் எழுதணும். பயப்படாம சொல்லுங்க" என்றார்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லாரும் ஒன்றாகத் திறந்தோம். டிவியில் இதைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து கத்தினதை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதேபோல்தான். ஒருத்தி அவள் பாவம் என்றாள். ஒருத்தி, இன்றைக்கு இவளை விட்டால் நாளைக்கு எவனாவது புடவை சுற்றிக்கொண்டு வந்து நானும் பெண் என்பானே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஜெயிலர் அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

என் சம்பந்தி தொண்டையைச் செருமினாள். "கடை தொறந்தா இவங்களைக் கூப்பிட்டு திருஷ்டி கழிக்கிறோம். குழந்தை பொறந்தா இவங்க கையால ஆசீர்வாதம் வாங்குறோம். அதுக்கெல்லாம் வேணும், படுக்கப் பாய் போட மட்டும் வேணாமா?"

சுவரோரமாக உறையூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்திரண்டு வயது. அவளுக்கு என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புருஷனின் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். அவள் சொன்னாள்: "அவங்க என்னை ஒண்ணும் பண்ணலம்மா. நல்லவங்கதான். ஆனா அவங்க பேசுற குரல் கேட்டா ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்குது. நான் வேணும்னு பயப்படல."

கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து நெட்டை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பொண்ணு சொல்றது நெசந்தாம்மா. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்னு சொல்லுங்க, செய்யறேன். பேசாம இருக்கச் சொன்னா பேசாம இருக்கேன். ஆம்பளைங்க பக்கம் மட்டும் அனுப்பாதீங்க. முன்ன ஒரு தடவை மூணு நாள் வச்சிருந்தாங்க." உறையூர்ப் பெண் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அந்தக் கதவைப் பார்த்தாள்.

என்னைக் கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று சொல்லிவிட்டேன். சொல்ல நிறைய இருந்தது.

ஜெயிலர் அம்மா யோசித்தார். தனியாக அடைத்து வைப்பதும் ஒரு தண்டனைதான், குற்றமே இன்னும் நிரூபிக்கவில்லை என்றார். திங்கட்கிழமை ரிப்போர்ட் போகும்வரை நெட்டை கூடத்தில் இருக்கட்டும், உறையூர்ப் பெண்ணின் பாய்க்கும் அவள் பாய்க்கும் நடுவில் பத்தடி இடம் விடுங்கள், நடுவில் வார்டர் நாற்காலி போடுவார் என்று சொன்னார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "சரியா? முடியலன்னா உடனே சொல்லு" என்றார். அவள் தலையசைத்தாள்.

ஜெயிலர் அம்மா போனதும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். தப்பு அங்கேதான் நடந்தது. எனக்கும் சம்பந்திக்கும் அடிக்கணக்கு வராது.

"பத்தடின்னா எவ்வளவுங்க சம்பந்தியம்மா?"

"பத்து முழம்னு வச்சுக்குவோம்" என்றேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் கையை வைக்கக் குனிந்தேன்.

"நீங்க அளக்க வேணாம் ஆயா" என்றாள் உறையூர்ப் பெண். "நான் சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்ரீரங்கம் வருவேன். உங்க முழம் எனக்குத் தெரியும். அவங்க கையாலயே அளக்கச் சொல்லுங்க."

கூடமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கதவைத் திறந்துவிட்டார்கள். நெட்டை வந்து அந்தப் பெண்ணின் பாய் விளிம்பில் முழங்கையை ஊன்றினாள். முட்டி போட்டுக்கொண்டு கையை நீட்டி வைத்து, விரல் நுனியில் மற்றக் கையால் அடையாளம் வைத்து, மறுபடி முழங்கையை ஊன்றி, ஒன்று, இரண்டு என்று நகர்ந்தாள். பூ அளக்கும்போது எப்படி ஒரு நூல்கூடக் குறைக்க மாட்டாளோ அப்படியே அளந்தாள். நாலில் என் பாயைத் தாண்டினாள். ஆறில் சம்பந்தியின் பாயைத் தாண்டினாள். "காலை எடுங்கம்மா, ஏழு." எட்டில் வாசற்படி வந்துவிட்டது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். ஒன்பது வராந்தாவில் விழுந்தது. பத்தாவது முழம் படி இறங்கி, முற்றத்துக் குழாயடியில் போய் நின்றது. ஈரத்தில் முட்டி போட்டபடி திரும்பிப் பார்த்தாள்.

"பெரியம்மா, பாயை இங்க போட்டுக்கவா? இன்னும் நாலு முழம் விட்டீங்கன்னா நான் ஸ்ரீரங்கமே போயிடுவேன் போலிருக்கே."

வார்டர் பாய்ந்து வந்தாள். "அங்கயே நில்லு. அளந்துக்கிட்டே வெளிய போயிடப் போற. தப்பிச்சு ஓடிட்டாள்னு கேஸ் எழுதினா எத்தனை முழம்னு நான் எப்படிப் பதில் சொல்றது?"

முதலில் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த உறையூர்ப் பெண்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கி, அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததும் கூடம் உடைந்துவிட்டது. ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ போதுங்க, மூத்திரம் வந்துடும்" என்றாள், அதுவும் என் எதிரில். கோபமாக உட்கார்ந்திருந்த நானும் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிப்பது?

சத்தம் கேட்டு ஜெயிலர் அம்மா ஓடி வந்தார். நெட்டை குழாயடியில் முட்டி போட்டிருப்பதைப் பார்த்தார். சம்பந்தி எல்லாவற்றையும் விளக்கினாள். ஜெயிலர் அம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு தையல் அறைக்குப் போய் இஞ்சுடேப் எடுத்து வந்தார். நிஜமான பத்தடி கூடத்தின் நடுவிலேயே வந்து முடிந்தது. அந்த இடத்தில் பாய் போட்டார்கள். உறையூர்ப் பெண் அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்து பார்த்தாள். "சரி" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ஜெயிலர் அம்மா என்னை மட்டும் அழைத்தார். மேஜைமேல் என் புகார் இருந்தது. கீழே என் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாம்மா."

"நான் என்ன எழுதினாலும் மேல இருக்கிறவங்க முதல்ல இதைத்தான் படிப்பாங்க. கூட வியாபாரம் பண்றவங்களே ஆணுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு சொல்லுவாங்க. இப்பவும் இதைத்தான் சொல்றீங்களா?"

இல்லை என்று சொல்வது சுலபம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் எதற்குச் சண்டை போட்டாய் என்று வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷமாக என் வீட்டுக்காரருக்கும் தெரியாதது அது.

அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. சன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. நெட்டை வெயிலில் தனியாக உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டு, வாசல் பக்கம் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூல்கண்டு இருந்தா கொடுங்கம்மா" என்றேன்.

கொடுத்தார். மேஜைமேல் முழங்கையை ஊன்றி, நூலை விரல் நுனி வரை இழுத்துக் காட்டினேன். "இது என் முழம். பாத்துக்குங்க." அப்புறம் நடுவிரலை இரண்டு கணு உள்ளே மடக்கி, மற்ற விரலால் மறைத்து, மடிப்பில் நூலைக் கிள்ளினேன். "இது நான் விக்கிற முழம். என் கை குட்டைன்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு. கை குட்டை இல்லம்மா. மடிக்கிறேன். அவ கையும் அப்படி ஒண்ணும் ஊர்ல இல்லாத நீளம் இல்ல. கொஞ்சம் நீளம். மிச்சமெல்லாம் என் மடிப்பு. அவ வந்து நேரா அளந்ததும் என் குட்டு வெளிப்பட்டுடும்னு பயம். அதான் ஆம்பளைக் கைன்னு சொல்லிட்டேன். ஆம்பளையா பொம்பளையான்னு நான் அவளைப் பத்தி யோசிச்சதே கிடையாது. ரெண்டு வருஷமா பூக்காரின்னுதான் நினைச்சேன், எனக்குப் போட்டியா வந்த பூக்காரி."

ஜெயிலர் அம்மா நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ மூச்சு விடும் சத்தம். திரும்பினால் என் சம்பந்தி, தண்ணீர்ச் செம்போடு நிற்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

எழுதிக்கொள்ளட்டுமா என்று ஜெயிலர் அம்மா கேட்டார். நானே எழுதுகிறேன் என்றேன். அழகான தமிழில் இன்னொருவர் எழுதியதில் கையெழுத்துப் போட்டதால் வந்த வினைதானே இது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் எழுதியது இவ்வளவுதான்: முன் புகார் கோபத்தில் கொடுத்தது. அவள் என் எதிரில் பெண்ணாகத்தான் இருந்தாள், பூ கட்டினாள். சண்டை முழத்துக்காக. தப்பு என் விரலில். கீழே முழுப் பெயரும் போட்டேன். என்ன, ழகரம் இரண்டு இடத்தில் சறுக்கிவிட்டது.

எனக்குப் பின் உறையூர்ப் பெண்ணை அழைத்தார்கள். அவள் சொன்னதை அவளே திரும்பி வந்து எங்களுக்குச் சொன்னாள். "என் பக்கத்துல வேணாம், அந்தப் பத்தடி அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன். ஆனா இங்கயே இருக்கட்டும்னு சொன்னேன். குளிக்கிற இடத்துக்குத் திரை பத்தாது, கதவு போடுங்கன்னு சொன்னேன்." கதவு என்றதும் எல்லாரும், ஆமாம், அது எங்களுக்கும்தான் வேண்டும் என்றோம். இத்தனை நாள் அதை யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பழைய தகரக் கதவைக் கொண்டுவந்து, தாழ்ப்பாளோடு மாட்டிக் கொடுத்தார்கள்.

சம்பந்தி என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை. மரியாதை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கஞ்சி குடிக்கும்போது என் பக்கம் சாய்ந்தாள்.

"சம்பந்தியம்மா. ஒரு விரல்தானா, ரெண்டு விரலுமா?"

"ஒண்ணுதாங்க."

"நான் துளசிக்குள்ள வெறுங்குச்சியும் சேத்துத்தான் கட்டுவேன்" என்றாள். "எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது."

அன்று எங்களைப் பிரித்து உட்கார வைத்தார்கள். அவ்வளவு சிரிப்பு.

ரிப்போர்ட்டுக்குப் பதில் செவ்வாய்க்கிழமை போனில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் போன் அன்றைக்கென்று ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்ப்போம். ஒன்று அரிசி வண்டிக்காரன். ஒன்று கரண்ட் ஆபீஸ். ஒன்று ஜெயிலர் அம்மாவின் பையன், கிரிக்கெட் மட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டானாம். நெட்டை தன் துணிகளை மஞ்சள் பைக்குள் மடித்து வைத்துவிட்டாள். வைத்ததை எடுத்து மறுபடி மடித்தாள்.

மூன்று மணிக்கு அடித்த போன் நீளமாகப் போயிற்று. ஜெயிலர் அம்மா எழுந்து நின்று பேசியதால் மேலிடம் என்று தெரிந்தது. "ஆமா சார். எழுதியிருக்கேன் சார். பூவை அளக்கிற முழம் சார்." அப்புறம் போனை வைத்தார். வெளியே வந்தார். நெட்டையைப் பார்த்து, "ஜாமீன் வர்ற வரைக்கும் இங்கதான். பைய உள்ள வை" என்றார்.

நாங்கள் எல்லாரும் நெட்டையைப் பார்த்தோம். அழுவாள், இல்லை ஜெயிலர் அம்மா காலில் விழுவாள் என்று நினைத்தேன். அவள் பையைச் சுவரோரம் வைத்தாள். பாயில் கிடந்த துண்டை எடுத்தாள். நேராகக் குளியலறைக்குள் போய்ப் புதுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வந்த நாளிலிருந்து எல்லாரும் குளித்தபின், வார்டர் காவலில், நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வந்தவள். அன்றைக்கு ஊற்றினாள், ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாட்டு வேறு. அந்தக் கட்டைக் குரல் தகரத்தில் பட்டு முற்றமெல்லாம் அதிர்ந்தது.

"தொட்டி காலியாயிடும்டி" என்று நான் கத்தினேன். "காவேரி பக்கத்துலதான் ஓடுது பெரியம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

உறையூர்ப் பெண்ணுக்கு அன்று தலைக்குக் குளிக்க வேண்டும். சீயக்காய்க் கிண்ணமும் துண்டுமாக எழுந்தவள் பாதி வழியில் நின்றாள். அப்புறம் போய், கதவுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டு, விரல் கணுவால் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அக்கா, சீக்கிரம் வாங்க. எனக்கும் கொஞ்சம் தண்ணி வைங்க."